சந்தனம் வைத்து ஏற்றிய வண்டி

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து கோவளம் பக்கத்தில் இருந்த ஒரு கடற்கரை ஓட்டலுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை நான் நாலு வருஷம் ஓட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பன்னிரண்டு சீட்டு வண்டி. ஒருத்தருக்காகத் தனியாகக் கிளம்பாது. காலையில் பம்பாய் விமானம் முதலில் வரும், டெல்லி விமானம் பின்னால் வரும். இரண்டிலும் வந்தவர்கள் ஏறின பிறகுதான் நகர வேண்டும் என்பது ஓட்டலின் சட்டம். பம்பாய்க்காரர்கள் பாவம், ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பார்கள்.

"மொதல்ல வந்தவனுக்கு வெயிலு, கட்சீல வந்தவனுக்குக் காத்து" என்பார் ஓட்டலின் ஏ.சி. மெக்கானிக். அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பல்லாவரத்துக்காரர். தினமும் வழியில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலைக்கு வருவார். அவர் வாயைத் திறந்தால் இப்படி ஏதாவது ஒன்று விழும். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். இருந்தாலும் காதில் விழும் நல்ல பேச்சை விடமாட்டேன். டீசல் ரசீதுக்குப் பின்னால் எழுதி வைத்துக்கொள்வேன்.

எங்கள் மேனேஜர் வடக்கே பிறந்து வளர்ந்தவர். இங்கே வருகிறவர்களைத் தமிழ்நாட்டு முறைப்படி வரவேற்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அதனால் வண்டியின் முகப்பில் தினமும் ஒரு பூமாலை, கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம். விமான நிலையத்தில் எங்கள் ஓட்டல் சார்பாக நிற்கும் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்துக் கற்கண்டுத் தட்டை நீட்டுவாள். முதல் நாள் வண்டி மாலையையும் ஏறினவர்களின் சந்தனத்தையும் பார்த்துவிட்டு பாய் சொன்னார்: "தெனம் கல்யாணம் நடக்குது. பொண்ணு மாப்பிள்ளைதான் கெடைக்கல."

என்னிடமும் ஒரு பழக்கம் இருந்தது. கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே போறீங்க' என்று கேட்கமாட்டேன். எங்கள் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படிக் கேட்டுவிட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார் என் அப்பா. போகிற காரியம் கெட்டுப்போகுமாம். வண்டி ஓட்டுகிறவன் இதையெல்லாம் பார்த்தால் ஆகுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். ஆனாலும் அந்தக் கேள்வி என் வாயில் வராது. 'நம்ம வண்டிதானே சார்?' என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். நாலு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அது போதாமல் போனது.

அன்றைக்குப் பட்டியலில் ஆறு பேர். பம்பாய் விமானத்தில் நாலு, டெல்லி விமானத்தில் இரண்டு. பம்பாய் ஆட்கள் எட்டரைக்கு வெளியே வந்தார்கள். வைக்கோல் தொப்பி போட்ட ஒருவரும் அவர் மனைவியும். கண்ணாடி போட்ட ஒரு பெண். நாலாவதாக, நாற்பத்தைந்து வயது இருக்கும், பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் துணிப்பை. வெளியே வந்தவர் அப்படியே நின்று இடமும் வலமும் தேடினார். எங்கள் வண்டியின் மாலையையும் தோரணத்தையும் பார்த்தார். முகம் விரிந்தது. நேராக வந்தார்.

"நம்ம வண்டிதானே சார்?" என்றேன்.

"பின்ன?" என்று சிரித்தார்.

எங்கள் ஓட்டல் பெண் பன்னீர் தெளித்தாள். அவர் சந்தனத்தைத் தொட்டு நிதானமாகக் கழுத்தில் பூசிக்கொண்டார். மற்றவர்கள் ஒரு சொட்டு தொட்டுவிட்டுக் கைக்குட்டையைத் தேடுவார்கள். இவர் அப்படிச் செய்யாதது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஓட்டல் பெண் தலைகளை எண்ணினாள், நாலு. பட்டியலோடு சரியாக இருந்தது. நாலாவதாக வரவேண்டிய ஆள் பம்பாயிலேயே விமானத்தைத் தவறவிட்டிருந்தார் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

டெல்லி விமானம் தாமதம். ஒன்பதாயிற்று, ஒன்பதரையாயிற்று. வேட்டிக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னும் யாருப்பா வரணும்?"

"டெல்லியிலேர்ந்து ரெண்டு பேர் சார்."

"டெல்லியிலேர்ந்தா? அங்கெல்லாம் ஆள் இருக்கா அவருக்கு!"

மேனேஜரைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அவருக்கு அங்கதானே சார் ஆளுங்க ஜாஸ்தி" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார்.

டெல்லி ஆட்கள் ஏறும்போது பத்தாகிவிட்டது. ஒருவர் பெரிய கம்பெனி அதிகாரி. மற்றவர் அவருடைய உதவியாளர். அதிகாரி ஏறினதும் கடிகாரத்தைப் பார்த்தார். பல்லாவரத்தில் பாய் ஏறினார். குரோம்பேட்டை தாண்டி, தாம்பரத்தில் கிழக்கே திரும்பினால் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தேன்.

வேட்டிக்காரர் எனக்கு நேர் பின்னால் இருந்தார். குனிந்து என் காதருகே வந்து கேட்டார்:

"ஏம்பா, அந்தத் தொப்பிக்காரரு யாரு வழி? மாப்பிள்ளை வழியா?"

"எந்த மாப்பிள்ளை சார்?"

"என்னப்பா இப்படிக் கேக்கறே! என் அக்கா பொண்ணுக்குத் தாலி கட்டப்போற மாப்பிள்ளைதான். பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் முகூர்த்தம். இப்பவே பத்தரை ஆயிடுச்சு. ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?"

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். கழுத்துச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பாய் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

அவருக்கு எதுவும் விளங்கவில்லை. மூடின கேட்டுக்கு முன்னால் யாருக்குமே வாய் சும்மா இருக்காது. அவர் பேசிக்கொண்டே போனார்.

ஆறு வருஷமாக அக்கா வீட்டோடு பேச்சு இல்லை. அந்தப் பெண் வயதுக்கு வந்தபோது நடந்த மஞ்சள் நீராட்டில் முதல் புடவை தாய்மாமன் புடவையாக இருக்க வேண்டும். இவர் பம்பாயிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் புடவையோடு வந்து சேர்ந்தபோது, பெண், அத்தை வாங்கின புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தது. ரயில் தாமதம், நேரம் போகிறது என்று அக்கா புருஷன் உத்தரவு போட்டுவிட்டார்.

"தட்டைக் கீழ வெச்சேன். பச்சத் தண்ணி குடிக்கல. திரும்பிட்டேன்" என்றார். "இந்தக் கல்யாணத்துக்கும் வர்றதா இல்ல. பத்திரிகை தபால்லதான் வந்துச்சு. நேத்து மத்தியானம் வரைக்கும் வரமாட்டேன்னுதான் இருந்தேன். என் சம்சாரம்தான், பெத்தவளுக்கு அடுத்தது நீங்க, மணைக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக வேற யாரு இருக்கான்னு அழுதா. சரி, தந்தி குடுத்தேன். காலை விமானத்துல வரேன். ஏர்போட்டு வாசல்ல எனக்கு வண்டி நின்னா மண்டபம், நிக்கலேன்னா அடுத்த விமானம் பம்பாய்க்கு. அவகிட்டயும் அதத்தான் சொல்லிட்டுக் கிளம்பினேன்." துணிப்பையைத் தட்டினார். "பாரு, வண்டி மட்டுமா? மாலை, தோரணம், பன்னீரு! என் மச்சானா இப்படின்னு எனக்கே நம்ப முடியல. ஓட்டல் வண்டியவே வாடகைக்குப் புடிச்சிருக்காரே!"

மின்சார ரயில் ஒன்று போனது. எதிர்ப்பக்கம் இன்னொன்று வரவேண்டியிருந்ததால் கேட் திறக்கவில்லை. அதிகாரி இந்தியில் ஏதோ அலுத்துக்கொண்டார்.

பாய் முன்பக்கம் பார்த்தபடியே உதட்டை மட்டும் அசைத்தார். "இன்னா பண்ணப் போறே?"

"சொல்லிடலாமா பாய்? பின்னாடி தெரிஞ்சா அசிங்கமாப் போயிடும்."

"சொன்னீனா இங்கியே எறங்கிடுவாரு. ரோசக்காரரு. நேரா ஏர்போட்டுதான்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் எதுக்கு? வாய மூடு. நெசம் எங்க ஓடிடப் போவுது? நாளைக்கும் கீது, நாளன்னிக்கும் கீது. முகூர்த்தம் பன்னெண்டு மணிக்கு மேல கீதா?"

பாயை ஏற்றுவதைத் தவிர வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது என்பது சட்டம். ராஜகீழ்ப்பாக்கம் எங்கள் வழியில்தான் இருந்தது. ஆனால் மண்டபம் சந்திப்பிலிருந்து ஒரு தெருவுக்குள். அதிகாரி நிச்சயம் புகார் எழுதுகிற முகம். இதெல்லாம் என் தலைக்குள் ஓடியது. பெரிய தர்மசங்கடம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது அப்படித் தோன்றவில்லை. கேட் திறந்தது, வண்டியை எடுத்தேன், அவ்வளவுதான்.

சேலையூர் தாண்டினோம். அவர் பையிலிருந்து புடவைப் பொட்டலத்தை எடுத்து, மடிப்புக் கலைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி உள்ளே வைத்தார். இரண்டு முறை அப்படிச் செய்தார். சந்திப்பில் நான் தெருவுக்குள் திருப்பியதும் அதிகாரி, "இது எந்த வழி?" என்று சத்தம் போட்டார். பாய் திரும்பி அவருடைய இந்தியிலேயே, அஞ்சு நிமிஷம், ஒரு கல்யாண வேலை என்றார். யாருடைய கல்யாணம் என்று அவர் கேட்டார். பாய் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்து வாசலில் நாதஸ்வரம் கேட்டது. பதினொன்று ஐந்து. வாசலில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கட்டையான ஒரு மனிதர் வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பழைய நிலக்காரர்களின் தோரணை. அவர்தான் அக்கா புருஷன் என்பது, வேட்டிக்காரர் பின்னால் மூச்சை இழுத்துப் பிடித்ததிலேயே தெரிந்தது.

நான் முதலில் இறங்கி அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. நான் சுற்றி வருவதற்குள் வேட்டிக்காரரே கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஆறு வருஷத்தை முதலில் யார் உடைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இவர்தான் ஆரம்பித்தார். "வண்டி அனுப்பினதே போதும் மச்சான். சந்தனம், பன்னீருன்னு எதுக்கு இவ்வளவு?"

அந்த மனிதர் வண்டியைப் பார்த்தார். பக்கவாட்டில் பெரிய ஆங்கில எழுத்தில் ஓட்டல் பெயர். ஜன்னலில் வைக்கோல் தொப்பி. அடுத்த ஜன்னலில் அதிகாரியின் கடுகடுத்த முகம். கடைசியாக என்னைப் பார்த்தார். வேட்டிக்காரரின் பெட்டியை வண்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எதுவும் சொல்ல வேண்டாம் என்பதுபோலத் தலையை ஒரு தரம் அசைத்தேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

"வழியில சிரமம் ஒண்ணும் இல்லியே?" என்று மைத்துனரிடம் கேட்டார்.

"ராஜா மாதிரி வந்தேன்."

"வா. உள்ள வா."

அதற்குள் அந்த அக்கா ஓடிவந்துவிட்டாள். கையில் இருந்த குங்குமச் சிமிழை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடேயே தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியாடா. பொண்ண இன்னும் மணைக்கு அழைக்கல. ஐயரு கத்தறாரு. மாமன் வந்தாத்தான் எழுந்திருப்பேன்னு ரூமுக்குள்ள உக்காந்துகினு கீதுடா."

"நகரு அக்கா" என்றார் அவர். "மொதல்ல இந்தப் புடவைய அவகிட்ட குடு. இதக் கட்டிக்கினு வரட்டும்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் வண்டியில் ஏறப் போனேன். அக்கா புருஷன் பின்னாலேயே வந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டார்.

"தந்தி இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குத்தாம்பா வந்துச்சு" என்றார். நான் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது. "இருந்த ரெண்டு காரும் மாப்பிள்ளை வீட்ட அழைச்சிட்டு வரப் போயிடுச்சு. ஆட்டோ அனுப்பினா அவன் ஏறுவானா? கையப் பெசஞ்சிக்கினு நின்னேன். நீ எப்படி...?"

"எங்க ஓட்டல் வண்டி சார். நாங்க எல்லாருக்கும் அப்படித்தான் சந்தனம் வைப்போம். அவர் தப்பா நெனச்சு ஏறிட்டார். அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

அவர் வண்டி முகப்பில் இருந்த மாலையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். உள்ளே நாதஸ்வரம் நின்று, யாரோ பெண்ணை அழைத்து வரச் சொல்லும் சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமை காலைல ஊருக்குத் திரும்பறதாத் தந்தியில போட்டிருக்கான். இந்தப் பக்கமா உன் வண்டி எத்தினி மணிக்கு வரும்?"

"ஓட்டல்ல தங்கினவங்களுக்கு மட்டும்தான் சார் இது. வெளி ஆளை ஏத்தக் கூடாது."

"அப்ப நானே டாக்சி சொல்லிடறேன்" என்றார். பிறகு பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "ஏர்போட்டு வரைக்கும் நானும் கூடப் போகணும்" என்று தனக்குள்ளேயே சொன்னார். "இன்னிக்கு வண்டி அனுப்பினவன் அன்னிக்குப் போகலேன்னா நல்லா இருக்காது."

துண்டைச் சரிசெய்துகொண்டு வேகமாக உள்ளே போனார். அதிகாரி ஜன்னலில் தட்டினார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.