மாஸ்க் போடாத நைனா

பெற்ற மகளை அடையாளம் தெரியாமல் ஒரு மனிதர் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை மணி. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற சின்ன நர்சரி பள்ளி. வெயில் தார் ரோட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் குடித்திருக்கவில்லை. மறதிக்காரரும் இல்லை. அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. தப்பு என்று ஏதாவது இருந்தால் அதில் கொஞ்சம் என்னுடையது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மாஸ்க்.

பன்றிக் காய்ச்சல் பயம் வந்ததிலிருந்து அந்த வாசலே மாறிவிட்டது. மாஸ்க் இல்லாத பிள்ளைக்கு வகுப்பு இல்லை என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஸ்டாக் இல்லை. உடனே அம்மாக்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். பழைய பாவாடை, கிழிந்த தலையணை உறை... ஒரு பையன் அப்பாவின் கட்டம் போட்ட லுங்கியையே மூக்கில் கட்டிக்கொண்டு வந்தான். பிறகு பள்ளிக்கூடமே எங்கிருந்தோ வாங்கி, எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சை மாஸ்க் கொடுத்தது.

நான்கு வயதுப் பிள்ளைகள் மாஸ்க் போடுகிற அழகே தனி. ஒருத்தன் நாடாவைச் சப்புவான். ஒருத்தி அதிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வாள். இன்னொருத்தன் தும்மல் வந்தால் போதும், மாஸ்க்கைப் பதமாகக் கழற்றுவான், பக்கத்துப் பிள்ளை மேல் ஆசைதீரத் தும்முவான், திரும்பப் போட்டுக்கொள்வான். ஏண்டா என்றால், "அழுக்காயிடும்ல!" சிநேகிதிகள் இருவர் டிபன் மாற்றிக்கொள்வது போல மாஸ்க் மாற்றிக்கொள்வார்கள். எதையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே மிஸ்தானே?

சிரித்துக்கொண்டேதான் பார்ப்பேன். ஆனால் மத்தியானம் அந்த மாஸ்க்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பச்சைத் துணியின் வெளிப்பக்கம் சாம்பல் பூத்திருக்கும். துறைமுகத்துக் கரித்தூள். எங்கள் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் விரல் வைத்தால் விரல் கறுக்கும். இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளைகள் அதைத்தான் சுவாசித்து வளர்கிறார்கள். அதற்காக யாரும் ஒரு மாஸ்க்கை நீட்டியதில்லை... போகட்டும். காய்ச்சலுக்குத்தான் மரியாதை, கரிக்கு இல்லை.

இனி, பவித்ரா.

பவி எல்.கே.ஜி. நான் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். அவள் கீழ் வீட்டில் இருக்கிறாள். அம்மா கோமளா, இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. விடியும் முன்னே கிளம்பினால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். அப்பா தேசப்பன், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தங்குகடலுக்குப் போகிறவர். போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கரையே கிடையாது. வந்தால் இரண்டு ராத்திரி வீடு. மறுபடியும் ஐஸ் ஏற்றி, டீசல் ஏற்றி, கடல்.

எனக்கோ வீட்டிலேயே உட்கார்ந்து ப்ரூஃப் பார்க்கிற வேலை. அதனால் பவியைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் என் பொறுப்பு. பள்ளியில் அதற்கு ஒரு கார்டு உண்டு. அதில் யார் போட்டோ இருக்கிறதோ அவரிடம்தான் பிள்ளையை விடுவார்கள். பவியின் கார்டில் இருப்பது என் போட்டோ.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் என்னைத் தொடுகிற கை அது ஒன்றுதான். பள்ளி வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை, பத்து நிமிஷம். இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு வருவாள். பிறகு மறுநாள் காலை வரை என்னை யாரும் தொடப்போவதில்லை. நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பது வெட்கம்தான். வைத்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி வழியை அடைத்திருந்தன. அவற்றின் சந்தில் புகுந்து நான் போய்ச் சேர ஐந்து நிமிஷம் லேட். தெருமுனையிலேயே ஒரு பிள்ளையின் வீறிடல் கேட்டது.

வாசலில் தேசப்பன் குந்தியிருந்தார். பன்னிரண்டு நாள் தாடி. கடல் வெயிலில் வெந்து கறுத்த முகம், காதோரம் உப்பு. விடியற்காலை கரை இறங்கி, மீனை இறக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறார்... மகளைத் தானே அழைத்துப் போகலாம் என்ற ஆசையில். அவர் கடலுக்குப் போனபோது இந்தக் காய்ச்சல் வேறு ஏதோ ஊர்ப் பேப்பர் சேதி. வந்து பார்த்தால் வாசல் நிறைய ஒரே சீருடை, ஒரே ரெட்டைப் பின்னல், ஒரே பச்சை மாஸ்க். பிள்ளைகளாகத் தெரியவில்லை, கண்களாகத்தான் தெரிந்திருக்கும்.

"பவீ!" என்று கூப்பிட்டாராம். மூன்று பவிகள் திரும்பினார்களாம். அதில் ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அது அவர் பவி இல்லை.

"யோவ்! யாருய்யா நீ? என் புள்ள கைய இன்னாத்துக்குப் புடிக்கிற?" அந்தப் பிள்ளையின் அம்மா பாய்ந்து வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள்.

"இல்லம்மா... என் பொண்ணுன்னு நெனச்சிக்கினு..."

"உன் பொண்ணுன்னா உனுக்கு அடையாளம் தெரியாதா?"

அந்தக் கேள்வி அவர் மேல் விழுந்ததை நான் பார்த்தேன்.

"மூஞ்சில ஒரு மாஸ்க்கும் காணோம். கார்டு கீதா?" என்றார் வாட்ச்மேன்.

"இன்னா கார்டு?"

"பாத்தியா? கார்டே தெர்ல. புள்ள புடிக்கிறவன் மாதிரி கீறான்" என்று கூட்டத்தில் ஒரு குரல். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "இவர் பவித்ராவின் அப்பா." மூன்று சொல். அதற்குள் கேட்டுக்குள்ளிருந்து பவி என்னைப் பார்த்துவிட்டாள். அவரைச் சுற்றிக்கொண்டு, அவரிடமிருந்து தள்ளித் தள்ளி, ஓடி வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை என் முழங்காலில் அழுத்திக்கொண்டாள். மாஸ்க் வழியாக அவள் மூச்சுச் சூடு தெரிந்தது.

"அத்த... அவுரு மாஸ்க் போடல. மாஸ்க் போடாதவங்க கிட்ட போகக் கூடாதுன்னு மிஸ் சொல்லிக்கீறாங்க."

"பவி, நல்லாப் பாரு. அது உன் நைனா."

எங்கள் தெருவில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்ல. நைனா கடல்ல கீது."

சந்தேகமே இல்லாத குரல். நைனா என்றால் கடலில் இருப்பவர். கரையில் இருக்கிறவர் எப்படி நைனாவாக முடியும்?

அவள் பிடி இறுகியது. என்னிடம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஓர் உயிர், உலகத்தை விட்டு என்னிடம் ஒளிந்துகொள்கிறது... எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஒரு மனிதர் கூட்டத்துக்கு நடுவில் திருடனைப் போலக் குந்தியிருக்கிறார். நான் அவருடைய மகளின் தலையைத் தடவிக்கொண்டு நிற்கிறேன், ஒரு நிமிஷம், கூடவே இன்னும் கொஞ்சம்.

பிறகுதான் வாட்ச்மேனிடம் கார்டை நீட்டினேன். "இவங்க அப்பாதான். கடலுக்குப் போயிட்டு இப்பதான் வர்றாரு" என்றேன். கூட்டம் கலைந்தது. அதட்டிய அம்மா மட்டும் போகும்போது, "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். அவரிடம் கேட்டாளா, என்னிடம் கேட்டாளா, தெரியவில்லை.

தேசப்பன் இன்னும் எழுந்திருக்கவில்லை. "அக்கா, ஒரு மாஸ்க் கெடைக்குமா?"

பவியின் பையில் ஸ்பேர் ஒன்று இருந்தது. பிள்ளைகள் அளவு. தாடி வைத்த முகத்தில் அது ஒரு பச்சை ஸ்டாம்ப் மாதிரி ஒட்டிக்கொண்டது. நாடா காதுக்கு எட்டவில்லை. கையால் பிடித்துக்கொண்டார்.

என் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.

"மூக்கு வெளிய கீது."

அவர் மேலே இழுத்தார்.

"இப்ப வாய் தெரிது!"

கீழே இழுத்தார். மூக்கு எட்டிப் பார்த்தது. பவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் நடையில் மெதுவாகக் கிட்டே போனாள். இரண்டு விரலால் அவர் மூக்கின் மேல் துணியை அழுத்திச் சரிசெய்தாள். அவர் அசையவில்லை. மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை.

"உன் பேரு இன்னா?"

"தேசப்பன்."

"எங்க நைனா பேரும் அதான்" என்றாள், பெரிதாக வியக்காமல்.

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தோம். லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கும் இடத்தில் பவி நின்று, அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். கை பிடிக்காமல் கிராஸ் பண்ணக் கூடாதாம். அவருக்குக் கொடுக்க அன்று அவளிடம் இருந்தது அந்த டிராஃபிக் ரூல் ஒன்றுதான். அதை அவர் வாங்கிக்கொண்ட விதம் இருக்கிறதே...

வீட்டு வாசலில் கேட்டார்: "அக்கா, நாளிக்கி நான் போய் இட்டுகினு வரட்டா?"

"கார்டுல என் போட்டோ இருக்கே, தேசப்பா. விடமாட்டாங்க. ரூல்."

"ஆமாக்கா. ரூலுன்னா ரூலுதான்." தாடியைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ரூலை யார் போட்டது? போட்டோவை மாற்றி ஒட்ட எத்தனை நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம்! அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் முழுக்க ப்ரூஃபில் ஒரு பிழைகூட என் கண்ணில் படவில்லை. பிழையெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவரையும் ஆபீஸ் ரூமுக்கு அழைத்துப் போனேன். மீனவர் அட்டைக்கு எடுத்ததில் மிச்சமிருந்த ஒரு பாஸ்போர்ட் போட்டோ அவரிடம் இருந்தது. என் போட்டோவுக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டினார்கள். பசை காயும் வரை மனிதர் ஊதிக்கொண்டே நின்றார்.

அன்று மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் எங்கும் போகவில்லை. போக வேண்டியதில்லை. செருப்பைப் போட்டேன், கழற்றினேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. தெருவில் குரல் கேட்டு ஜன்னலுக்குப் போனேன்.

"மூக்கு! மூக்கு!"

"சரிம்மா, மூடிட்டேன் பாரு."

பெரியவர் அளவு மாஸ்க் ஒன்றை எங்கோ தேடிப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் கை பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாடியை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதற்காகப் பார்க்க வேண்டும்?

சாயங்காலம் கோமளா மேலே வந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"வூட்டுக்குள்ளகூட அந்தாள மாஸ்க் கயட்ட வுடலக்கா. சோறு துன்றப்ப மட்டும் பர்மிசன். நேத்து துன்றதுக்குக் கயட்னாரா... மூஞ்சியவே பாத்துகினு இருந்துச்சு. அப்பால கேக்குது, 'நைனா, நீ எப்போ வந்த?'ன்னு!"

"அவரு என்ன சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு? 'இப்பதாம்மா வந்தேன்'னாரு."

நானும் சிரித்தேன். கோமளா இறங்கிப் போனபிறகு, கீழ் வீட்டுச் சத்தத்தைக் கேட்டபடி ப்ரூஃபை எடுத்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவர் கிளம்பினார். மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுத்தார், சொல்லிக்கொள்ள. தோளில் துணிப்பை. அதற்குள் பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்து ஒரு புது மாஸ்க்.

"கடல்ல எதுக்குய்யா இது? அங்க காத்துதானே?"

"கடலுக்கு இல்லக்கா. எறங்குறப்ப வாணாமா? இல்லாங்காட்டி மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

நனையாமல் இருக்கக் கவரின் வாயை ரப்பர் பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டே போனார்.

அவர் போய் எட்டு நாள் ஆகிறது. நேற்று பள்ளியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தனுப்பினார்கள். திங்கட்கிழமை முதல் மாஸ்க் கட்டாயம் இல்லையாம். பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத குஷி. பவி தன்னுடையதை நேற்றே பொம்மைக்குக் கட்டிவிட்டாள். நல்ல சேதிதான். ஆனால் நடுக்கடலுக்கு இதை யார் கொண்டுபோய்ச் சொல்வது? அந்த வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அது கோமளாவிடம் இருக்கிறது.

ஆக, வருகிற வாரம் ஏதோ ஒரு மத்தியானம், ராயபுரத்தில் ஒரு நர்சரி வாசலில் எல்லா முகமும் பளிச்சென்று தெரியும். ஒரே ஒருவர் மட்டும் மூக்கு, வாய் எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கம் போனால், விலகி ஓடிவிடாதீர்கள் —

மகள் சொன்னபடி நடக்கிற ஓர் அப்பா, அவ்வளவுதான்.