வெள்ளிக்கிழமை கொட்டாத எண்ணெய்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் முதல் வருடம் சேர்ந்திருந்தேன். அந்த வருடம்தான், படகை மணலில் இழுத்துப் போடும்போது, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்த சீட்டு, டாக்டர் பார்க்கும் முன்பே என் கைக்கு வந்தது. கொலஸ்ட்ரால் என்ற வார்த்தைக்கு எதிரே இருந்த எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

"ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி" என்றேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

மயிலாப்பூர் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, பீடியை விடச் சொன்னார், எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். மீதியை நான் முடிவு செய்தேன்.

அம்மா பட்டினப்பாக்கம் சாலையோரத்தில் மாலையில் மீன் வறுத்து விற்பவள். விற்றது போக மிச்சம் நைனாவுக்கு. அம்மாவைக் கடலை எண்ணெயை நிறுத்தச் சொன்னேன். தி.நகர் வரை போய், இதயப் படம் போட்ட சூரியகாந்தி எண்ணெய் டின்னைச் சுமந்து வந்தேன்.

"இன்னாடி இது, டின்னு மேல நெஞ்சு படம் போட்டுக்கீது?"

"கொலஸ்ட்ரால் கிடையாதுன்னு எழுதிக்கீதும்மா. இங்கிலீஷ்ல."

நைனா சிரித்தார். "அப்போ ரெண்டு துண்டு சேத்துத் துன்னலாம்னு சொல்லு."

நான் மறுக்கவில்லை. டின்னில் அப்படித்தானே எழுதியிருந்தது?

இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண் இறங்கியிருந்தது, நட்சத்திரம் இல்லை. ஆனால் பஸ் நிறுத்தம் வரை நடப்பதற்குள் நைனா மூன்று இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண் குறைந்தால் வலி ஏன் கூடுகிறது? சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மயிலாப்பூருக்குப் போனதும் டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார். "வறுக்கற எண்ணெயை எத்தனை நாள் வெச்சுக்கறீங்க?"

"முந்தியெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி கொட்டிருவேன் டாக்டரம்மா. அன்னிக்கு யாரு மீன் துன்றாங்க? வாணலியைத் தேய்ச்சுக் கவுத்துருவேன். இதுல தான் கொழுப்பே இல்லியே, எம்பொண்ணு படிச்சு சொல்லிச்சு. கெட்டா பூடும்? அது மேலயே புதுசு ஊத்திக்கினு வரேன்."

"எப்போலேர்ந்து?"

"டின்னு வந்ததுலேர்ந்து."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். எந்தச் செடியின் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை, கடலை எண்ணெயிலும் இல்லை என்றார். திரும்பத் திரும்பக் காய்ந்தால் எந்த எண்ணெயும் காற்றோடு சேர்ந்து கெடும். பீடிப் புகை மாதிரியானவற்றால் ரத்தத்தில் ஓடும் கொழுப்பும் அப்படிக் கெடுகிறது. கெட்டது ரத்தக்குழாய்ச் சுவருக்குள் தங்கி, வீங்கி, வழியை அடைக்கிறது.

"ஆக்சிஜனேற்றம் படிச்சிருப்பியே?"

படித்திருந்தேன். ஆணி துருப்பிடிப்பதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது நைனாவின் நெஞ்சுக்குள்ளும் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"அப்போ இந்த எண்ணெயாலதான் வலி கூடிச்சா டாக்டர்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அடைப்பு வருஷக்கணக்கா சேரும். பீடி வேற இருக்கு. எதுக்கு எவ்வளவு பங்குன்னு இன்னும் முழுசாத் தெரியாது." திங்கட்கிழமை நைனாவை இயந்திரத்தின் மேல் நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார்.

உன்னால்தான் என்றிருந்தால் அழுதிருப்பேன். உன்னால் இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டாள். "கடலை எண்ணெயிலயும் அது இல்லியாமே. அப்போ இன்னாத்துக்கு மாத்தச் சொன்னே?"



வீட்டுக்கு வந்ததும் வாணலியை நானே தூக்கிப்போய் மணலில் கவிழ்த்தேன். அன்று புதன்கிழமை. கறுத்த எண்ணெய் உள்ளே இறங்காமல் வெகுநேரம் மேலேயே நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டிட்டியா? சரி, கொழம்பு மீனாவது துன்னலாமா?"

வாய் வரை வந்த பதிலை நிறுத்தினேன். "தெரியல நைனா. திங்கக்கெழம கேட்டுச் சொல்றேன்."

"படிச்ச உனக்கே தெரியலியா!" அவர் சிரித்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

அவர் காதில் செருகியிருந்த பீடியை உருவி எடுத்துக்கொண்டேன்.