கூடையை முதலில் கீழே வைத்தவள்

கொளஞ்சியம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் உப்புக்கூடை சுமந்தவள் அவள். சாதாரண சனங்கள் சொல்லும் உலக சரித்திரம் என்று சென்னையில் போட்ட புத்தகத்தில் பக்கம் நிறையச் சிரிப்பதோ அவள் ஓரகத்தி சுலோசனா! கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு, இவளுக்குப் பத்து வருஷம் பின்னால் கூடை தூக்க வந்தவள்.

குற்றம் யாருடையது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. புத்தகக்காரர்கள் காமிராவோடு வரப்பில் வந்து நின்ற அன்று பேசச் சொல்லி முதலில் கேட்டது கொளஞ்சியைத்தான். சேலைக்கு மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, முட்டிவரை சேறு. இந்தக் கோலத்திலா உலகம் தன்னைப் பார்ப்பது? "தோ வந்துட்டேன் சார்" என்று வீட்டுக்கு ஓடி, குளித்து, மகள் கல்யாணத்துப் பட்டைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு திரும்பினால், வண்டி போயே போய்விட்டது. சுலோசனா சேற்றுக் காலோடு பேசி முடித்திருந்தாள்.

போட்டோ தொலையட்டும். மனசை அரித்தது வேறு. எட்டு வருஷத்துக்கு முன்னால், குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் தராமல் இனிச் சுமக்க மாட்டோம் என்று நாற்பது பெண்கள் உட்கார்ந்தார்களே, அன்று முதலில் கூடையைக் கீழே வைத்தவள் கொளஞ்சி. மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசியும் எடுக்கவில்லை. நான்காம் நாள் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் வந்தன. பெருமை என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதையும் இந்தச் சிறுக்கி தன் பேரில் போட்டுக்கொண்டாளோ?

என்றைக்கோ எட்டாவது படித்தவள் கொளஞ்சி, புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'முதல்ல கூடைய கீழ வெச்சது நான் இல்லீங்க. எங்க அக்கா. அதப் பாத்துதான் எங்களுக்கு தைரியம் வந்துச்சு.'

பக்கம் முழுக்க அக்கா, அக்கா, அக்கா. கொளஞ்சி என்ற பேர் எங்கே? புரட்டிப் புரட்டித் தேடினாள். இல்லவே இல்லை.

"ஏண்டி, யாரு அந்த அக்கான்னு அவங்க கேக்கலையா?"

"கேட்டாங்கக்கா. நீங்க மூத்தவங்க. உங்க பேர நான் எப்படி வாயால சொல்றது?" சுலோசனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் இளையவள் மூத்தவள் பேரைச் சொல்லக்கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அதைச் சுலோசனாவுக்குச் சொல்லி, கன்னத்தில் ஒன்று போட்டுப் பழக்கியவளும் கொளஞ்சிதான்.

"பாவி! அந்த ஒரு நாளாச்சும் எனக்கு மரியாத இல்லாம பேசியிருக்கக் கூடாதாடி?" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.