இருபத்து மூன்றாம் எண்ணின் ஐந்தாவது ஃபவுல்

வெர்னா ஸ்டக்கிக்கு ஐம்பத்தொன்பது வயது. தெற்கு இண்டியானாவில் ஆல்டன்ஸ்பர்க் ஊரின் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடை போடுவது அவர் வேலை. எடை போடும் நேரத்தில் ஓட்டுநர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கண்ணாடியைத் தட்டி அவரைக் கீழே இறக்கிவிடுவார்; ஓட்டுநரின் எடை சோளத்தோடு சேர்ந்துவிடக் கூடாது. சொந்தத் தம்பி லாரி ஓட்டி வந்தாலும் அப்படித்தான்.

குளிர்கால மாலைகளில் அவர் இருக்கும் இடம் வேறு. கல்லூரிக் கூடைப்பந்து அரங்கில், மைதானத்தை ஒட்டிப் போட்டிருக்கும் நீள மேசையில் அமர்ந்து ஸ்கோர் புத்தகம் எழுதுவார். ஆட வந்த வெளியூர் அணியும் ஒரு புத்தகம் எழுதும். ஆனால் வித்தியாசம் வந்தால் உள்ளூர் மேசையின் புத்தகம் சொல்வதுதான் செல்லும். இருபது ஆண்டு முடிந்தபோது கல்லூரி அந்த மேசையில் ஒரு பித்தளைத் தகடு பதித்தது: ‘வெர்னா ஸ்டக்கி. இருபது ஆண்டுகள். ஒரு பிழையும் இல்லை.’ அதற்குப் பிறகு இன்னும் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த ஏப்ரலில் கல்லூரி புதிய தலைமைப் பயிற்சியாளரைத் தேடியது. தேர்வுக் குழுவில் ஐந்து பேர். ஊர்மக்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று வெர்னாவைக் கூப்பிட்டார்கள்.

“நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்ல வெர்னா. சும்மா வந்து உக்காருங்க, டோனட் நல்லாருக்கும்” என்றார் விளையாட்டுத் துறைத் தலைவர் ராண்டி கோல்.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர். மடிப்பு கலையாத கோட்டுடன் வந்து, திரையில் படம் படமாகக் காட்டிவிட்டுப் போயிருந்தார். மற்றவர் ஓடிஸ் பிராக்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் பன்னிரண்டு வருடமாகப் பயிற்சியாளர். அணியின் வேனையும் அவரேதான் ஓட்டுவார். ஓடிஸின் நேர்காணல், குழு முடிவெடுக்கும் நாளின் காலையில்.

நகரின் காப்பீட்டு முகவரும் அரங்கத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தவருமான டக் ஹெல்ம்ஸ்தான் முதல் கேள்வி கேட்டார்.

“கோச், ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே அரங்கத்துல நம்மகூட ஆடினீங்க. ஆறு நிமிஷம் பாக்கி. பதினோரு பாயிண்ட் பின்னாடி. உங்க இருபத்து மூணாம் நம்பர் பையன்தான் டீமே. அவனுக்கு நாலு ஃபவுல்தான் ஆயிருந்துச்சு. அவனைப் போய் உக்கார வச்சீங்களே, ஏன்? ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தீங்க!”

“அவன் உக்கார வேண்டிய நேரம் வந்துருச்சு சார். உக்கார வச்சேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ஓடிஸ் வெர்னா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வெர்னாவின் கையில் இருந்த டோனட் அப்படியே நின்றது.

அந்த ஆட்டத்தில் நடந்தது இரண்டே பேருக்குத்தான் தெரியும். முதல் பாதியில் நடுவர் ஒரு கையில் இரண்டு விரலும் மறு கையில் மூன்று விரலும் காட்டி ஒரு ஃபவுலைச் சொன்னார். பின்னால் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. வெர்னா விரல்களை மாற்றிப் படித்து, இருபத்து மூன்றின் ஃபவுலை அதே அணியின் முப்பத்திரண்டாம் எண்ணின் வரிசையில் எழுதிவிட்டார். அதனால் கடைசிக் கட்டத்தில் அந்தப் பையன் ஐந்தாவது ஃபவுல் செய்தபோது, வெர்னாவின் புத்தகத்தில் நாலுதான் இருந்தது. ஐந்து ஆனால் வெளியேற வேண்டும். வெர்னா மணியடிக்கவில்லை.

ஓடிஸ் மேசைக்கு வந்து குனிந்தார். “மேடம், எங்க இருபத்து மூணுக்கு அஞ்சு ஆயிருச்சு. முதல் பாதியில ஒண்ணு முப்பத்திரண்டுல விழுந்துருக்கு, பாருங்க.”

வெர்னா பார்த்தார். நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார்.

“வேணாம் மேடம். நானே பையனை மாத்திக்கிறேன். நீங்க அப்புறம் திருத்திக்கோங்க.” பித்தளைத் தகட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் செய்தித்தாளில் ‘சிறந்த வீரனை உட்கார வைத்த விசித்திரப் பயிற்சியாளர்’ என்று வந்தது. அந்தப் பெயர் ஓடிஸுடன் ஒட்டிக்கொண்டது. வெர்னா ஏழு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார்.

மதிய உணவு இடைவேளையில் எல்லோரும் பன்றிக்கறி சாண்ட்விச் வாங்கப் போனார்கள். வெர்னா அரங்கத்தின் கிடங்கு அறைக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது டக் முடிவே செய்துவிட்டிருந்தார். “அந்த கோட்டுக்காரரையே எடுத்துடலாம். ஓடிஸ் நல்ல மனுஷன்தான். ஆனா நெருக்கடியில புத்தி வேலை செய்யாத ஆளு.”

குழுவில் இருந்த கணிதப் பேராசிரியர் தலையாட்டினார். ராண்டியும் பேனாவை எடுத்தார். மாணவர் சார்பில் குழுவில் இருந்த அணித்தலைவன் மைக்கா மட்டும், “நேத்து ஓடிஸ் கோச் எங்களுக்குப் பயிற்சி நடத்திக் காட்டினப்போ கடைசி பெஞ்ச் பசங்க பேரையெல்லாம் கேட்டு ஞாபகம் வச்சுக்கிட்டாரு சார். அந்தக் கோட்டுக்காரரு என் பேரையே ரெண்டு தடவ தப்பாச் சொன்னாரு” என்று முணுமுணுத்தான்.

வெர்னா பழைய புத்தகத்தை மேசையில் விரித்தார்.

“தப்பு என்னோடது” என்றார்.

வெர்னா அடித்துத் திருத்திய இடத்தைக் காட்டினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“நீங்களா? தப்பா?” டக் முன்னால் சாய்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சரி, யோக்கியமான ஆளுதான். ஆனா வெர்னா, நமக்கு வேண்டியது சர்ச் பெரியவர் இல்ல. ஜெயிக்கிற ஆளு.”

“அதுக்குத்தான் புத்தகத்தைக் கொண்டு வந்தேன் டக். கண்ணாடிய மாட்டிக்கிட்டு இந்தப் பக்கம் பாருங்க. அந்தப் பையன் போனப்புறம் ஆறு நிமிஷம். யார் யாரு பாயிண்ட் எடுத்துருக்காங்க? நாலாம் நம்பர். பதினஞ்சு. நாப்பத்தொண்ணு. எல்லாம் பெஞ்ச் பசங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கத்துல அவங்க பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. நம்ம நல்ல டீமுக்கு எதிரா பதினொண்ணை ஒண்ணாக்கிட்டாங்க. டைம் அவுட் கட்டத்தையும் பாருங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் ரெண்டு பாக்கி வச்சிருந்தாரு. நெருக்கடியில புத்தி போன ஆளு இப்படியா ஆடுவாரு?”

பேராசிரியர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து விரலால் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். “அந்த ஆறு நிமிஷத்துல நாம நாலு பாயிண்ட்தான் எடுத்துருக்கோம்” என்றார், யாரையும் பார்க்காமல்.

டக் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னிக்கு நான் பின்னாடி உக்காந்து அந்த மனுஷனைப் பாத்துக் கத்துனேன். முட்டாள்னு.”

“ஊரே கத்துச்சு” என்றார் வெர்னா. “நான் சும்மா உக்காந்திருந்தேன்.”

கை தூக்கச் சொன்னார் ராண்டி. ஐந்து கைகளும் ஓடிஸுக்கே உயர்ந்தன. கடைசியாக எழுந்தது டக்கின் கைதான், ஆனால் எல்லாவற்றையும்விட உயரமாக. மைக்கா நாற்காலி விழுவது தெரியாமல் துள்ளி எழுந்தான்.

“போன் நீங்களே போடுங்க வெர்னா” என்றார் ராண்டி.

எதிர்முனையில் வேனின் இரைச்சல் கேட்டது. செய்தி சொன்னதும் வேன் ஓரமாக நின்ற சத்தம் வந்தது.

“நீங்க சொல்லிட்டீங்களா மேடம்?”

“சொல்லிட்டேன்.”

“சொல்லியிருக்க வேணாமே.”

“சோள லாரியில ஒரு பவுண்டு கூடுனாக்கூட நான் விடமாட்டேன் கோச். இது ஏழு வருஷ எடை.”

ஓடிஸ் சிரித்தார், வெர்னா அழுதுவிட்டார்.

கிடங்கிலிருந்து திருப்புளி கொண்டுவந்து வெர்னா அன்று மாலையே தகட்டைக் கழற்றினார். ஸ்கோர் எழுதும் வேலையையும் விட்டுவிடுவதாக ராண்டியிடம் சொன்னார். “புது கோச்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார் ராண்டி. ஓடிஸின் பதில் ஒரு வரியில் வந்தது: அந்த அம்மா மேசையில் இல்லாவிட்டால் நான் வேனைத் திருப்பிவிடுவேன்.

நவம்பரில் முதல் உள்ளூர் ஆட்டம். தகடு இருந்த இடத்தில் நாலு திருகாணித் துளை மட்டும் இருந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் பாதியில் நடுவர் மேசையைப் பார்த்து ஒரு கையில் இரண்டு விரல், மறு கையில் மூன்று விரல் காட்டினார். வெர்னா எழுதினார். நிமிர்ந்து பார்த்தால், பெஞ்ச் அருகே நின்ற ஓடிஸ் அதே மாதிரி இரண்டும் மூன்றுமாக விரல்களைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

“தெரியும் கோச், தெரியும்! நீங்க ஆட்டத்தப் பாருங்க!” என்று கத்தினார் வெர்னா. பின்வரிசையில் டக் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசி மணி ஒலித்தபோது எழுபத்தொன்றுக்கு அறுபத்து நாலு என்று உள்ளூர் அணி வென்றிருந்தது. கடைசிக் கூடையைப் போட்டவன் வழக்கமாகப் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருக்கும் பையன். மைதானத்தில் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா மட்டும் உட்கார்ந்தபடியே அவன் எண்ணுக்கு நேரே இரண்டு புள்ளிகளை எழுதி, எண்ணை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, பிறகு எழுந்து கை தட்டினார்.