மாதம்மா கொட்டிய மேடு

மைசூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் நடுவே அந்தச் சின்ன ஸ்டேஷன் முதலில் ஏரிக்கரையில் தரையோடு தரையாகத்தான் இருந்தது. ஒரு ஐப்பசியில் ஏரி உடைத்துக்கொண்டு தண்டவாளத்தையும் கொட்டகையையும் சேர்த்து அடித்துப்போனது. துரைமார் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். இனி வெள்ளம் எட்டாத உயரத்தில் ஸ்டேஷனைத் தூக்கிக் கட்டுவது என்று முடிவாயிற்று. வெள்ளம் எட்டாத இடத்தை முட்டி தேய்ந்தவர்கள் எப்படி எட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றினால்தான் அதிசயம்.

அடுத்த வருஷம் மேடு போடத் தொடங்கினார்கள். கொள்ளேகாலில் மழை பொய்த்த வருஷம் அது. மாதம்மா கைக்குழந்தை தேவம்மாவோடு பிழைக்க வந்து, அந்த மேட்டுக்கு மண் சுமந்தாள். மற்றப் பெண்கள் கூடையை முக்கால் நிரப்பினால் இவள் கும்பாரமாக நிரப்புவாள். யாரும் கேட்காத வேலை. இவளுக்கு அப்படி ஒரு ரோஷம். மேடு எழுந்தது, செங்குத்தாகப் படியும் கட்டினார்கள். மாதம்மா அடிவாரத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு மகளை வளர்த்தாள். அதற்குள் முட்டி இரண்டும் போய்விட்டன. ஸ்டேஷன் திறந்தபின் ஒருநாள்கூட அவள் மேலே ஏறியதில்லை.

தேவம்மாவை நஞ்சன்கூட்டில் மாரிசாமிக்குக் கொடுத்தாள். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் அழைத்துவர நாள் பார்த்திருந்த நேரத்தில், ஒரு காலை போர்ட்டர் கெம்பையன் சேதி கொண்டுவந்தான். மாரிசாமிக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. மத்தியான வண்டியில் பெண்டாட்டியோடு போகிறான். தாய்வீட்டார் தாம்பூலத்தோடு நேரில் வந்து கூப்பிட்டால் அவளை இறக்கிவிடுவான். கூப்பிடாமல் பெண் தானாக இறங்கினால் இரண்டு வீட்டுக்கும் கேவலம்.

மாதம்மாவுக்கு வேறு நாதி இல்லை. அவளேதான் போகவேண்டும். வெற்றிலை, மஞ்சள், வளையல் எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு படியடிக்கு வந்தாள்.

"தாயி, நான் தூக்கிட்டுப் போறேன், வா" என்றான் கெம்பையன்.

"சம்பந்தி வூட்டு ஆளுக முன்னால மூட்டையாட்டம் போயி எறங்கறதா? அப்பறம் எம்புள்ளைய ஏசியே கொன்னுபோடுவாங்க. நானே ஏறிப்போடுவேன், நீ போ சாமி."

அந்த ரோஷத்தை என்ன சொல்ல! எனக்கு இன்றைக்கும் அவள்மேல் கோபமாக வருகிறது, அழுகையும் வருகிறது.

படியில் பின்புறமாக உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னால் எம்பி ஏறினாள். தட்டை மடியில் வைத்திருந்தாள். பாதிக்குமேல் வந்தபோது வண்டி ஊதியது. அவசரத்தில் கால் பிசகி, வளையல்கள் படியில் உருண்டோடின. பொறுக்கக் குனியவும் முடியவில்லை, மேலே போகவும் முடியவில்லை.

வண்டி நின்றதும் கெம்பையன் ஓடிப்போய் மாரிசாமியிடம் சொன்னான்: "உங்க அத்தை படியிலேயே இருக்காங்க. தட்டும் கையிலே இருக்கு. பொண்ணை இறக்கி விடுங்க."

"மேல வரட்டும். படியில குந்தியிருந்தா கூப்பிட்ட கணக்காகுமா? ஊர் ஆளுக அத்தன பேரும் வண்டியில இருக்காங்க, நாளைக்கு என்னையத்தான் சிரிப்பாங்க."

தேவம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள், படி இருந்த பக்கம் பார்த்தாள். "அம்மா!" என்று அவள் கத்தியது கீழே கேட்டது.

"இந்தா வந்துட்டேன் கண்ணு! எறங்காத, இரு, வந்துட்டேன்!" என்று மாதம்மா கத்தினாள். மேலே யாருக்கும் கேட்கவில்லை. எஞ்சின் பெருமூச்சு விட்டது. கெம்பையன் பச்சைக் கொடியைக் காட்டித்தான் தீரவேண்டும். அது அவன் வேலை. காட்டினான், வண்டி புறப்பட்டது.

கோலாரில் பிரசவத்தோடு தேவம்மா போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் மாரிசாமியைத் திட்டினார்கள், படியைத் திட்டினார்கள், ரயில்காரர்களைத் திட்டினார்கள். மாதம்மா யாரையும் திட்டவில்லை. குடிசை வாசலிலிருந்து மேட்டைப் பார்த்தபடி, வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னாள்.

"நாந்தானுங்க கொட்டுனேன். கூடைய அத்தன நெறச்சிருக்க வேண்டாம்."