உள்ளேயிருந்து பேர் சொன்னவர்

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. பேய் பிசாசுன்னு யாராச்சும் வாயத் தொறந்தா எந்திரிச்சுப் போயிடுற ஆளு நான். வாசல்ல என் பொண்டாட்டி கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழத்த அறுத்துச் சர்பத்துப் போட்டுக் குடிச்சவன். நீங்க சிரிக்கிறது தெரியுது, சிரிங்க. ஆனா இலுப்பூர்ப் பக்கம் அந்த வீட்டுல நடந்தது மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்ச சமயம். புதுக்கோட்டை அப்ப சமஸ்தானம், நான் சர்க்கார் கச்சேரியில, அதான் ஆபீசுல, குமாஸ்தா. பட்டாளத்துக்குப் போயித் திரும்பாதவங்க வீட்டுக்குப் போயி விவரம் எழுதிட்டு வர்றது என் வேலை. பழனியாண்டின்னு ஒருத்தர், பட்டாளத்து ஆஸ்பத்திரியில ஆர்டர்லி. காயம்பட்டவங்களத் தூக்கிட்டு வந்து கட்டுப் போடுறது, பீ மூத்திரம் அள்ளுறது, எல்லாம் அவருதான். பர்மாவுல காணாமப் போயிட்டாரு. அவரு இருந்த படையோட காகிதமெல்லாம் அங்கேயே போச்சு, அதனால எங்க சேந்தாரு, எங்கெங்க வேலை பாத்தாருன்னு புதுசா எழுதி அனுப்பினாத்தான் மேல தேடவே முடியும்னு சொல்லிட்டாங்க.

வீட்டுல அவரு சம்சாரமும் தம்பிக்காரரும். "அண்ணன் போயிருச்சுங்க, காரியத்தப் பண்ணி அண்ணி தாலியக் கழட்டிரணும், ஊரு ஒரு மாதிரி பேசுது"ன்னு தம்பிக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அந்தம்மா, "அவுக செத்தாகன்னு யாரு பாத்தா?"ன்னு மசியல. பட்டாளத்துலேருந்து என்ன பதில் வருதோ அதை வச்சு முடிவு பண்ணிக்குவோம்னு விட்டிருந்தாங்க.

நல்ல உச்சி வெயில் நேரம் போனேன், இருட்டு கிருட்டு ஒண்ணும் கெடையாது. கூடத்துல சாக்க விரிச்சு ஒக்காந்தேன், அந்தம்மா செவுத்தோரம் நின்னாங்க. "வீட்டுக்காரர் பேரு?"ன்னு ஆரம்பிச்சேன். பேரு எனக்குத் தெரியும், இருந்தாலும் வீட்டாளு வாயால சொல்லணும்னு முறை. ஒங்களுக்கே தெரியும், நம்ம பக்கம் பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க. கேட்டா உள்ள திரும்பிப் பாப்பாங்க, உள்ள இருக்குற யாராச்சும் சொல்லுவாங்க. எத்தனையோ வீட்டுல பாத்தாச்சு. இந்தம்மாவும் உள்ள திரும்பிப் பாத்தாங்க. "பழனியாண்டிங்க"ன்னு உள்ளேருந்து ஒரு ஆம்பளக் கொரலு. தம்பிக்காரர்னு நெனச்சு எழுதிக்கிட்டேன்.

அப்பறம் எல்லாத்துக்கும் உள்ளேருந்துதான் பதில். சேந்தது திருச்சியில, வேலை பழகுனது பூனாவுல, அங்கேருந்து ரயிலு, கப்பலு, மலைப்பாதை. தம்பிக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கேன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். "கடைசியா எங்க இருந்தாரு?"ன்னேன். அப்பறம், "ஆத்தங்கரையிலங்க. நடக்க முடியாதவங்கள அங்கதான் படுக்க வச்சிருந்தோம்"ன்னுச்சு. வச்சிருந்தோமா? அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும். வெயிலு, பசி, எழுதுற அவசரம், ஒறைக்கல. அடுத்து அந்தக் கொரலு என்னையக் கேட்டுச்சு.

"ஐயா, அவங்கள்லாம் வந்து சேந்துட்டாங்களா?"

யாரக் கேக்குறாரு என்னன்னே தெரியல, பாவம் கவலையாக் கேக்குறாரேன்னு, "ஆங், எல்லாரும் வந்துட்டாங்க"ன்னுட்டேன். "நல்லதுங்க"ன்னுச்சு. அதுக்கு மேல பேச்சில்ல.

எழுதி முடிச்சு, கையெழுத்துப் போட வாங்கன்னு உள்ள பாத்துக் கூப்பிடுறேன், தம்பிக்காரர் தெருவுலேருந்து வேர்க்க விறுவிறுக்க வாராரு. சந்தைக்குப் போயிட்டு இப்பத்தான் வாரேங்குறாரு. எந்திரிச்சு உள்ள போயிப் பாத்தேன். அடுப்பு, பானை, ஒரு தகரப்பெட்டி. பின்வாசல் கூடக் கெடையாது. அந்தம்மாவக் கேட்டா, "நீங்களா கேக்குறீங்க, நீங்களா எழுதுறீங்க, கச்சேரியிலயே தெரிஞ்சுதான் எழுதுறீங்கன்னுல்ல நெனச்சேன். எல்லாரும் வந்துட்டாங்கன்னு யாருக்குச் சொன்னீங்க?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. தம்பிக்காரர் வெயில் தலைக்கு ஏறிருச்சுன்னு மோர் கொண்டாந்து குடுத்தாரு. நானும் அப்படித்தான் இருக்கும்னு என்னைய நானே தேத்திக்கிட்டு வந்து சேந்தேன்.

மாசக்கணக்கு ஆச்சு பதில் வர. கூட வேலை பாத்துத் தப்பி வந்தவங்கள விசாரிச்சாங்களாம், நான் எழுதுனது அம்புட்டும் சரியாம். பின்வாங்கச் சொன்னப்ப ஆத்தங்கரையில கெடந்த காயக்காரங்கள விட்டுட்டு வரமாட்டேன்னு அவரு மட்டும் தங்கிட்டாராம். அந்தக் காயக்காரங்கள்ல ஒருத்தர் கூடத் திரும்பல. அவரு செத்ததப் பாத்தவங்களும் இல்ல, அதனால காணலைன்னுதான் இன்னமும் கணக்கு.

நேர்ல போயி அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், கொரலு கேட்டது, நான் சொன்ன பதிலு, ஒண்ணு விடாம. கிறுக்கன்னு நெனச்சாலும் பரவால்லன்னு சொல்லிட்டேன். அந்தம்மா அழல. "கொரலு ஒடம்பு முடியாத மாதிரி இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இல்லம்மா, தெளிவா இருந்துச்சுன்னேன். கொழுந்தனப் பாத்து, "காரியத்த வச்சுக்கங்க"ன்னாங்க.

கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாங்க. "அவங்கள்லாம் வரலேன்னு சொல்லியிருந்தீங்கன்னா அவுக இங்க இன்னுங் கொஞ்சம் இருந்திருப்பாகல்ல?"ன்னாங்க.

கோவமாக் கேக்கல. நான் செஞ்சது நல்லதா கெட்டதா, வந்தது யாரு, அந்தம்மா காதுல மட்டும் ஏன் விழல, எதுவும் எனக்குத் தெரியல, நீங்களாச்சும் சொல்லுங்க. இப்பவும் அடுத்தவங்க வீட்டுல உள்ளேருந்து யாராச்சும் ஏதாச்சும் கேட்டா, எந்திரிச்சுப் போயி மொகத்தப் பாத்துட்டுத்தான் நான் பதில் சொல்லுவேன்.