பின்பக்கம் முழுக்க வேண்டாம்

நெல்டா டிட்மோரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் புருஷனைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் தலையெழுத்து அது. அலபாமாவின் வடக்கு மலைப்பக்கம், ஹார்ல் கிரீக் என்ற ஊரில் தூண்டில் புழு விற்பவன் வெர்லன். மற்ற நாட்களில் அவனை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. தேர்தல் அன்று மட்டும் அவன் ராஜா. சர்ச் கூடத்துக்கு வெளியே பைன் மரத்தடியில் ஒரு அண்டா அவித்த வேர்க்கடலையோடு நின்றுகொண்டு, ஓட்டுப் போட வருகிற எல்லோருக்கும் ஒரே மந்திரத்தை ஓதுவான்.

"முன்பக்கம் ஆளுங்க. யாருக்கு வேணா போட்டுக்க. பின்பக்கம் சட்டத்திருத்தம். கண்ண மூடிட்டு அத்தனைக்கும் வேண்டாம்."

இந்த மாநிலத்தில் ஒரு மாவட்டம் கொசுமருந்து அடிப்பதற்குக்கூட மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தவேண்டி வரும். திருத்துவதற்கு ஜனங்களைக் கேட்க வேண்டும். ஓட்டுச்சீட்டின் பின்பக்கத்தில் இருப்பது வக்கீலுக்கே விளங்காது. விளங்காததற்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சௌகரியம். முப்பது வருடமாக ஹார்ல் கிரீக் பெட்டியில் எந்தத் திருத்தத்துக்கும் ஒரு 'வேண்டும்' கூட விழுந்ததில்லை. மாவட்டத்தில் வேறெந்தப் பெட்டிக்கும் அந்தப் பெருமை கிடையாது. வெர்லனுக்கும் வேறெந்தப் பெருமையும் கிடையாது. நெல்டாவும் அத்தனை வருடமும் அவன் சொன்னபடியே போட்டுவந்தாள்.

அந்த ஆகஸ்டில், மீன் பொரித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை சமையலறைத் தரையில் கிடந்தாள். மேலே எண்ணெய் கருகிப் புகைந்தது. அடுப்பை அணைக்கத் தோன்றாமல் வெர்லன் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். எப்படியோ பிழைத்தாள். அடுத்த தடவை இவ்வளவு நேரம் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

நவம்பர் தேர்தல் சீட்டில் ஏழாவது திருத்தம் ஆம்புலன்ஸைப் பற்றியது. மலைப்பக்கத்துக்கென்று தனியாக ஒரு நிலையம். அதற்காக நிலவரியைக் கொஞ்சம் கூட்டுவார்கள். நெல்டா அதை இரண்டு தடவை படித்தாள்.

"ஊருக்கு நீ என்ன வேணா சொல்லிக்க வெர்லன். நான் அதுல தலையிடல. உன் சீட்டுல மட்டும் ஏழாவதுக்கு வேணும்னு போடு."

"இதக் கேக்கணுமா? நீ கீழ கெடந்தப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"போடுவியா?"

"சத்தியமா போடுறேன், நெல்டா."

அவள் நம்பினாள். நாற்பது வருடம் கூடக் குடித்தனம் பண்ணினவனை நம்பாமல் எப்படி இருப்பது?

தேர்தலன்று அவன் விடிந்ததும் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்து நின்றுகொண்டான். மத்தியானம் நெல்டா வந்து ஏழாவதுக்கு நேராக 'வேண்டும்' வட்டத்தை நிரப்பினாள். வெளியே அவன் யாரிடமோ மந்திரம் ஓதிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே கேட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. வாய்தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

சாயங்காலம் ஓட்டு முடிந்ததும், எந்திரம் துப்பிய காகிதத்தைச் சர்ச் கதவில் ஒட்டினார்கள். வழக்கம்போல் ஊரே கூடிவிட்டது. நெல்டாவும் மூச்சு வாங்க முன்னால் போய்ப் பார்த்தாள். ஏழாவது திருத்தம்: வேண்டாம், நூற்றுப் பதினெட்டு. வேண்டும், ஒன்று.

அடுத்த வீட்டு ஹோய்ட் கடலையை மென்றுகொண்டே உரக்கச் சொன்னான். "வெர்லன் அண்ணே, உங்க பெட்டி கற்பழிஞ்சு போச்சு. யாருண்ணே அந்தத் துரோகி?"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நெல்டாவின் தோளைத் தட்டினான்.

"பாவம், விடுங்கப்பா. அவளுக்கு உடம்பு சரியில்லல்ல."

"அட, நெல்டா அக்காவா? அக்காவுக்கு மன்னிப்பு உண்டு," என்றான் ஹோய்ட்.

நெல்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை காகிதத்தைப் பார்த்தாள். ஒன்றுதான்.

வண்டியில் ஏறியதும் ரேடியோ மாவட்ட முடிவைச் சொன்னது. ஏழாவது திருத்தம் அறுநூறு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தது.

"கேட்டியா? நான் போட்டிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்?" என்றான் வெர்லன்.

"ஒண்ணும் ஆயிருக்காது."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணு விழுந்தா உன்னோடதுன்னு விட்டுருவாங்க. ரெண்டு விழுந்தா என்னையில்ல கேப்பாங்க? அடுத்த தேர்தலுக்கு நான் எப்படி அந்த மரத்தடியில நிக்கிறது?"

இதை யோசித்து வைத்திருக்கிறான். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, இதை யோசித்திருக்கிறான். நெல்டாவுக்கு நெஞ்சில் வலி எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் மேல் வைத்திருந்த பிரியம் எங்கே போயிற்று என்று தேடிப்பார்த்தாள், கிடைக்கவில்லை.

"வண்டியத் திருப்பு. டவுன்ல என் தங்கச்சி வீட்டுக்கு விடு. அங்கேருந்து ஆஸ்பத்திரி எதுத்தாப்பலதான்."

"எத்தன நாளைக்கு?"

"உயிரோட இருக்கிற வரைக்கும்."

அவன் வண்டியை ஓரங்கட்டினான். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தான்.

"அப்ப எனக்கு யாரு சமைச்சுப் போடுவா?" என்று கேட்டான்.

நெல்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வண்டியைத் திருப்பினான்.